பாலத்துக்கு இரண்டு ஆள்

ஜப்பான்காரன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த யுத்த காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பொலிஸ் நிலையத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். எந்தப் பொலிஸ்காரர் எந்த நாள் எங்கே நிற்க வேண்டும் என்று பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவதுதான் என் முக்கியமான வேலை. ஒட்டிய கையோடு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே நின்று அவர்கள் பட்டியலைப் படிக்கும்போது என் தாய் தகப்பனைப் பற்றிச் சொல்வதெல்லாம் கதவுக்குள்ளாலும் கேட்கும்.

அப்படியிருக்கையில் எங்கள் மேலதிகாரியான சுப்பிரிண்டன் துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. போக்குவரத்தைக் கவனிக்கத் தனியாக ஒரு பிரிவு உடனே அமைக்கப்பட வேண்டும். அதற்குப் புதிதாக ஆட்கள் தரப்பட மாட்டார்கள். இருப்பவர்களிலிருந்தே பொறுக்கி எடுக்க வேண்டும். இவ்வளவுதான் கடிதம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரையும் காத்தான்குடிப் பக்கத்தையும் இணைக்கிற பாலம் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். முன்பெல்லாம் மாட்டு வண்டில்காரர்கள் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நின்று கூப்பிட்டுப் பேசி, நீ முதல் வா, நான் பிறகு வாறேன் என்று சமாளித்துக்கொண்டார்கள். யுத்தம் வந்ததும் பட்டாள லொறிகள் வரிசை வரிசையாக வரத் தொடங்கின. அவை யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. பாலத்தின் நடுவில் லொறியும் வண்டிலும் முகத்துக்கு முகம் முட்டி நிற்பது வாரத்தில் மூன்று நாள் நடந்தது.

கடிதத்தோடு ஒரு தனித்தாள் இணைத்திருந்தார்கள். தெரிவுசெய்யப்படும் ஆள் ஐந்தடி எட்டங்குலம் இருக்க வேண்டும், கண்பார்வை கூர்மையாக இருக்க வேண்டும், பட்டாளக்காரரோடு பேச இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முழுப் பகல் தேடினேன். உயரமானவர்களுக்கு இங்கிலீஷ் வராது. இங்கிலீஷ் வந்தவர்கள் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்கள். எல்லாம் பொருந்திய ஒரேயொருவர் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்து ஐந்து மாதமாகிறது.

இன்ஸ்பெக்டர் ஐயா யாழ்ப்பாணத்தார். விசயத்தைச் சொன்னேன். தாடையைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, "எனக்கு உந்த விண்ணாணம் ஒண்டும் வேண்டாம். நீர்தானே லிஸ்ற் எழுதுறனீர். கரைக்கு ஒண்டாய் ரெண்டு பேரைப் பிடிச்சுப் போடும். மிச்சத்தைப் பேந்து பாப்பம்" என்றார்.

பாலத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி அன்று பின்னேரத்துக்குள் பரவிவிட்டது. பொலிஸ்காரர்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. காட்டுப் பக்கம் மாட்டுக் களவு விசாரிக்கப் போனால் ஒரு சட்டி தயிராவது கிடைக்கும். வயல் வட்டைப் பக்கம் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை விசாரிக்கப் போனால் இரண்டு பகுதிக்காரரும் போட்டி போட்டுச் சோறு ஆக்கிப் போடுவார்கள். பாலத்தில் என்ன கிடைக்கும்? வெயிலும் உப்புக் காற்றும்.

மறுநாள் காலையிலிருந்து என் மேசைக்கு முன்னால் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியிடம் எழுதி வாங்கிய துண்டோடு வந்தார்.

"ஐயா, வெயில் பட்டா எனக்கு மண்டைக்குள்ள தேனீ இரையிற மாதிரி இரையுது."

"பரேட்டுக்கு வெயிலுக்குள்ளதானே நிக்கிறீங்க?"

"அது காலம வெயில், ஐயா. அது வேற சாதி வெயில்."

அடுத்தவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை. அவருடைய கரைச்சல் வீட்டில். "என்ட பொஞ்சாதிர ஆக்கள் எல்லாரும் வண்டில்காரர். நான் பாலத்துல நிண்டு கைய நீட்டி அவங்கள மறிச்சா, மறுகா வீட்டுல எனக்கு ஆரு சோறு போடுற?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆள் தனக்கு வலக்கை இடக்கை குழம்பும் என்றார். வலக்கையைத் தூக்கச் சொன்னேன். சரியாகவே தூக்கினார். தூக்கிய கையை ஒரு நிமிடம் கவலையோடு பார்த்துவிட்டு, "இண்டைக்கு எப்பிடியோ சரியா வந்திட்டு" என்றார்.

மத்தியானத்துக்குள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எதிரில் நின்று காரணம் சொல்கிறவர்களைப் போட முடியாது. ஆகவே எதிரில் இல்லாதவர்களைப் போட வேண்டும். கோயில் திருவிழாவுக்காக லீவில் போயிருந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். இரண்டு பேரும் பனை மாதிரி வளர்ந்தவர்கள். கண்பார்வையில் குறையில்லை. இங்கிலீஷ் என்று பார்த்தால் ஒருவருக்கு 'ஸ்டொப்' தெரியும், மற்றவருக்கு 'கோ' தெரியும். இரண்டையும் சேர்த்தால் பாலத்துக்குப் போதும். எழுதி ஒட்டிவிட்டேன்.

வழக்கமான திட்டுக்காகக் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு. ஆபத்திலிருந்து தப்பிய சந்தோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். அந்த இரண்டு பேரும் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் ஒரே ஊர்க்காரர்கள். மைத்துனர்கள். மூத்தவருடைய தங்கையைத்தான் இளையவர் கட்டியிருந்தார். தங்கைக்கு முதல் ஆண்பிள்ளை பிறந்தபோது தாய்மாமனாகிய தன்னைக் கேட்காமல் பேர் வைத்துவிட்டார்கள் என்று மூத்தவர் கோபித்துக்கொண்டார். அந்தப் பேரை ஏற்கமாட்டேன் என்று வேறொரு பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டார். அது இளையவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு மூன்று வருடமாக நின்றபடியே இருந்தது. பிள்ளை மட்டும் இரண்டு பெயருக்கும் ஓம் சொல்லி வளர்ந்தது.

பாலத்தில் ஏற்பாடு இப்படி. மூத்தவர் ஊர்ப் பக்கக் கரையில் நிற்பார். இளையவர் காத்தான்குடிப் பக்கக் கரையில். ஒரு கரையிலிருந்து நாலைந்து வண்டிகளை விட்டதும், கடைசி வண்டிக்காரனிடம் ஒரு சிவப்புக் கட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கட்டை மறுகரைக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் தன் பக்கத்து வண்டிகளை விடலாம். இருப்பது ஒரே கட்டை. ஆகவே பிழை வராது. அதோடு கொழும்பிலிருந்து இரண்டு சோடி வெள்ளைத் துணிக் கைகளும் வந்திருந்தன, சட்டைக் கைக்கு மேலே மாட்டிக்கொள்ள. அவற்றையும் போட்டுக்கொண்டு இருவரும் இரண்டு கரையிலும் நின்றபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் அவ்வளவு ஒழுங்காக அந்த நிலையத்தில் எந்த வேலையும் நடந்ததில்லை. மற்றவன் தன்மேல் பிழை பிடித்துவிடக்கூடாது என்று இருவருமே கண் இமைக்காமல் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா ஒருநாள் என் மேசைக்கு வந்து, "நல்ல செலக்சன், ஐ சே" என்று முதுகில் தட்டினார். நான் அன்று வீட்டுக்குப் போகும்போது பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

அந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு பஸ் டிரைவர் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காத்தான்குடிக்கும் ஊருக்கும் இடையில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பாலத்தைக் கடக்கிறவர். எல்லோரும் அவரை டிரைவர் காக்கா என்பார்கள்; காத்தான்குடியில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அனேகமாகக் கட்டை அவர் பஸ்ஸில்தான் போய் வரும். கட்டையோடு சேர்த்து மைத்துனர்கள் செய்தியும் அனுப்பத் தொடங்கினார்கள்.

"இந்தக் கட்டைய நேரத்துக்கு அனுப்பத் தெரியாட்டி மாடு மேய்க்கப் போகச் சொல்லு அவன" என்று மூத்தவர் சொல்லிவிடுவார்.

டிரைவர் காக்கா பாலத்தைக் கடந்து மறுகரையில் பஸ்ஸை நிறுத்தி, "மச்சான் ஒங்கட சொகம் கேட்டு விட்டார்" என்பார்.

இளையவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "என்ட சொகம் அவருக்கு என்னத்துக்கு? மீசைய வழிச்சுப்போட்டு வீட்டுல கிடக்கச் சொல்லுங்க" என்பார்.

அது மூத்தவரிடம் போய்ச் சேரும்போது, "மச்சான்ட மீசை இண்டைக்கு நல்ல எடுப்பா இருக்கெண்டு அங்கயிருந்தே பார்த்துச் சொல்றார்" என்று மாறியிருக்கும்.

ஏன் இந்தப் பொய் என்று பிற்காலத்தில் அவரிடம் கேட்டேன். "இவங்க ரெண்டு பேரும் கோவிச்சிக்கிட்டா என்ட பஸ்தானே ஐயா நிக்கும்? எட்டு நடைக்கு ஆறு நடைதான் ஓடும்" என்றார். அவருடைய கவலை அவ்வளவுதான். ஆனால் மூத்தவர் அந்த மாதம் முழுவதும் மீசைக்குத் தேங்காயெண்ணெய் பூசி முறுக்கிக்கொண்டு வேலைக்கு வந்ததை நானே பார்த்தேன். இளையவரும் மைத்துனர் தன் சுகத்தை நாளுக்கு நாலு தடவை கேட்கிறார் என்பதில் கொஞ்சம் உடம்பு வைத்திருந்தார்.

பிறகு டிரைவர் காக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அவர் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வேறு ஒருவர் பஸ்ஸை ஓட்டினார். அவர் வாய் திறக்காத மனுசன். இரண்டாம் நாள் காலையில் காத்தான்குடிப் பக்கமிருந்து கடைசியாக வந்தது ஒரு தேங்காய் வண்டில். இளையவர் வண்டில்காரரிடம் கட்டையைக் கொடுத்து, வழக்கம்போலச் செய்தியும் கொடுத்தார். வண்டில்காரர் நேர்மையானவர். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பவர். ஊர்ப் பக்கக் கரையில் காத்து நின்ற இருபது பேருக்கு முன்னால் அவர் சத்தமாகக் கேட்டார்:

"மீசைக்குள்ள பேன் பாத்துக்கொண்டு இருக்கிறீங்களாம், அதான் கட்டை வரச் சொணங்குதாம். அங்க நிக்கிறவர் கேக்கச் சொன்னார்."

ஒரு மாதமாக அந்த மீசையைப் புகழ்ந்து வந்த மைத்துனனிடமிருந்து இப்படியொரு வார்த்தை வந்ததும் மூத்தவருக்குக் கண் மண் தெரியவில்லை. கட்டையைக் கையில் பிடித்தபடி பாலத்தின்மேல் நடக்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் மூன்று பட்டாள லொறிகள் காத்து நின்றன. பொலிஸ்காரரே முன்னால் நடந்து வழிகாட்டுகிறார், இது இங்கத்தைய வழக்கமாக்கும் என்று முதல் லொறிக்காரன் நினைத்தான். மெதுவாக அவர் பின்னாலேயே விட்டான். மற்ற இரண்டும் தொடர்ந்தன.

மறுகரையில் நின்ற இளையவர் பார்த்தார். மைத்துனர் கையில் கட்டையோடு வருகிறார், பின்னால் பட்டாளமே வருகிறது. பயந்து நின்றதாக ஊரில் பேச்சு வந்துவிடக் கூடாதே. அவரும் பாலத்தில் ஏறி எதிரே நடந்தார். அவர் பக்கத்தில் காத்து நின்ற பஸ்ஸின் புது டிரைவர், பொலிஸ்காரர் போகிறார், நாமும் போகலாம் போல என்று பின்னால் விட்டார். பஸ்ஸுக்குப் பின்னால் ஆறு மாட்டு வண்டில்கள்.

செய்தி கிடைத்து இன்ஸ்பெக்டர் ஐயா சைக்கிளிலும் நான் ஓட்டமும் நடையுமாகவும் போய்ச் சேர்ந்தபோது, பாலத்தின் நடுவில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் பத்தடி இடத்தில் மைத்துனர்கள் நின்று மூன்று வருடப் பேச்சையும் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தாய்மாமன் ஒருத்தன் இருக்கிறான் எண்டு ஒரு வார்த்த கேட்டயா நீ?"

"பெத்தவன் நான். பேர் வைக்கிறதுக்கு ஒங்களிட்ட வந்து பாஸ் எடுக்கணுமா?"

"ஓம், எடுக்கத்தான் வேணும்!"

பஸ்ஸில் இருந்த பெண்கள் யன்னலால் தலையை நீட்டி, தாய்மாமன் பக்கம் சிலரும் தகப்பன் பக்கம் சிலருமாகப் பிரிந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா "அட்டென்சன்!" என்று கத்தினார். இருவரும் விறைப்பாக நின்றார்கள். அப்படி நின்றபடியே தொடர்ந்து சண்டை பிடித்தார்கள்.

முதல் லொறியிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் இறங்கி வந்தான். தேங்காய்ப்பூ மாதிரி வெளுத்த தலைமுடி; முகம் வெயிலில் கருவாடாகக் காய்ந்து சிவந்திருந்தது. சப்பாத்தும் துப்பாக்கியுமாக அவன் என்னை நெருங்கி, இங்கிலீஷில், என்ன நடக்கிறது, இது ஏதாவது ஜப்பான்காரன் சம்பந்தமான விசயமா என்று கேட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் கேட்டவனுக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும். ஒரு குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்பதில் அபிப்பிராய பேதம் என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டான். மூன்று என்றேன். சிறிது யோசித்துவிட்டு, பெரிய மனதோடு, அப்படியானால் அந்த இரண்டு பெயரும் வேண்டாம், என் பேரை வையுங்கள் என்று தன் பேரைச் சொன்னான். அந்தப் பேர் முடிவில் யாரோ தும்முவது போல இருந்தது.

மைத்துனர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். "என்னவாம்?" என்றார் மூத்தவர்.

மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"என்ட மருமகனுக்கா?" என்று மூத்தவர் சிப்பாயை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். "என்ட மருமகன் தும்மலா? இவர்ர ஊருல ஆடு மாட்டுக்கு வைக்கச் சொல்லுங்க!"

"நீங்க நில்லுங்க மச்சான், நான் சொல்றன்" என்று இளையவர் முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல்லான 'கோ'வைச் சிப்பாயின் முகத்துக்கு நேரே சொன்னார். மூத்தவரும் விட்டுக்கொடுக்காமல் பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த 'ஸ்டொப்'பைச் சொன்னார். போவதா நிற்பதா என்று தெரியாமல் சிப்பாய் என்னைப் பார்த்தான். பஸ்ஸில் இருந்த ஒரு மனுசி சிரிக்கத் தொடங்கி, அது லொறி வரைக்கும் பரவியது. 'மச்சான்' என்ற சொல் வாயிலிருந்து வந்துவிட்டதை இளையவரும், காதில் விழுந்துவிட்டதை மூத்தவரும் சிரிப்பு அடங்கிய பிறகுதான் கவனித்தார்கள் என்று நினைக்கிறேன். இருவரும் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சண்டை முடிந்தாலும் பாலம் அப்படியே கிடந்தது. லொறி பின்னால் போகலாம் என்றால் அதற்குப் பின்னாலும் சைக்கிளும் கையில் கூடையுமாக ஊரே ஏறியிருந்தது. பஸ் பின்னால் போக மாட்டு வண்டில்கள் விடவில்லை. மாட்டைப் பின்னால் நடக்கப் பழக்கியவர் அந்தப் பகுதியில் ஒருவரும் இல்லை. கடைசியில் மாடுகளை அவிழ்த்து முன்னால் நடத்திக்கொண்டு போய், வண்டில்களைக் கையால் தள்ளிக் கரை சேர்த்தோம். சிப்பாய்மாரும் இறங்கித் தள்ளினார்கள். மைத்துனர்கள் இருவரும் ஒரே வண்டிலுக்குத் தோள் கொடுத்தார்கள். வெள்ளைத் துணிக் கைகள் நாலும் அன்று வண்டில் சில்லு எண்ணெயில் கறுத்தவை, பிறகு வெளுக்கவேயில்லை. பாலம் தெளிய மத்தியானம் கடந்துவிட்டது.

நாலாம் நாள் சுப்பிரிண்டன் துரை விசாரணைக்கு வந்தார். மொழிபெயர்ப்பு நான்தான். யாருடைய பிழை என்று கேட்டார்.

"பிழை எனக்குத்தான் துரை. மச்சான்ல ஒரு பிழையும் இல்ல" என்றார் இளையவர்.

"அவர் சின்ன ஆள், அவருக்கு என்ன தெரியும்? பிழை எனக்கு" என்றார் மூத்தவர்.

"இல்ல மச்சான், நீங்க சும்மா இருங்க."

"நீ சும்மா இரு."

இப்போது பிழையை ஏற்பதில் மறுபடியும் ஒரு சண்டை வந்துவிடும் போலிருந்தது. துரை பேனையைக் கீழே வைத்தார். இந்த இரண்டு பேரையும் தெரிவுசெய்தது யார் என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மைத்துனர்களை இரண்டு வாரத்துக்கு வேறு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு கிழமையும், மற்றவர்கள் எல்லோரும் மருத்துவச் சான்றிதழோடு தயாராக இருந்தபடியால், ஊர்ப் பக்கக் கரையில் என்னை நிற்கச் சொன்னார்கள். மறுகரையில் இன்ஸ்பெக்டர் ஐயாவே நின்றார். "உம்மாலை நானும் வெயிலிலை காயிறன்" என்று கட்டையோடு ஒவ்வொரு நாளும் சொல்லி அனுப்பினார்.

நான் ஐந்தடி இரண்டங்குலம். லொறிக்காரர் கண்ணுக்கு நான் தெரியவில்லை என்பதால் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றேன். எண்ணெய்க் கறை போகாத அந்தத் துணிக் கை என் தோள் வரைக்கும் ஏறி, கழுத்தருகே கட்டவேண்டியிருந்தது. அலுவலகத்தில் என் முன்னால் சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள், "கிளாக்கர் ஐயா, கெதியா விடுங்க, மீன் நாறப் போகுது" என்று அதட்டினார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் கையைத் தூக்க, பெரிய பட்டாள லொறி ஒன்று என் உள்ளங்கைக்கு முன்னால் வந்து உறுமி நின்றபோது, அதுவரை என் வாழ்நாளில் அறியாத ஒரு பெருமை வந்தது. தேவையில்லாமலே அதைக் கொஞ்ச நேரம் மறித்து வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு அந்தப் பெருமை வியர்வையாகப் போனது. பதினொரு மணிக்குத் தாகம். பன்னிரண்டு மணிக்கு அதைவிட அவசரமான ஒன்று வந்தது. பாலத்தை விட்டுப் போக முடியாது. கட்டை கையில் இருக்கிறது. ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றேன். கலியாணம் முடிந்து வேலைக்கு வந்திருந்த டிரைவர் காக்கா பஸ்ஸை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு என்ன, வயிறு சரியில்லையா?"

"வயிறு இல்ல காக்கா."

அவருக்கு விளங்கிவிட்டது. இறங்கி வந்து என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டு, "அந்தத் தாழம்பத்தைக்குப் பின்னால போங்க. நான் பாத்துக்கொள்றன்" என்றார். நான் திரும்பி வரும்போது அவர் பெட்டியின்மேல் ஏறி நின்று, இரண்டு லொறியையும் நாலு வண்டிலையும் ஒரு கூச்சலும் இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள், அவரையே இங்கே வைத்துவிட்டு ஐயா பஸ் ஓட்டலாமே என்றார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் எழுதினேன். இரண்டு கரையிலும் தென்னங்கிடுகால் ஒவ்வொரு கொட்டில் வேண்டும், ஒரு பானை தண்ணீர் வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மாற்ற ஒவ்வொரு கரைக்கும் இன்னோர் ஆள் வேண்டும். வழக்கமாக இப்படிப்பட்ட கடிதம் இன்ஸ்பெக்டர் ஐயாவின் மேசையில் ஒரு மாதம் தூங்கும். இந்தத் தடவை அவர் சிவந்த மூக்கோடு உட்கார்ந்து, நான் எழுதியதற்குக் கீழே இன்னும் கடுமையாக இரண்டு வரி சேர்த்து, கொடுத்த அன்றைக்கே அனுப்பினார்.

கொட்டில் எழும்பியது. வாவிக் காற்று அதற்குள் வந்து படுக்கச் சொல்லும். இரண்டு மணித்தியாலம் வேலை, இரண்டு மணித்தியாலம் நிழல். போகிற வருகிற வண்டில்காரர் இளநீர் இறக்கிவிட்டுப் போவார்கள். அடுத்த பட்டியல் எழுத உட்கார்ந்தபோது என் மேசைக்கு முன்னால் மறுபடியும் வரிசை. மண்டைக்குள் தேனீ இரைந்தவர் முதல் ஆளாக நின்றார்.

"இரைச்சல் எப்பிடி?"

"அது பறந்திட்டு ஐயா. என்னப் பாலத்துக்குப் போடுங்க."

பொஞ்சாதியின் ஆட்களெல்லாம் வண்டில்காரர் என்றவர், அதனால்தான் தன்னைப் போட வேண்டும், தன் சொல்லை அவர்கள் தட்டமாட்டார்கள் என்றார். மைத்துனர்கள் இருவரும் திரும்பி வந்து, தங்களை ஒரே கரையில் போட முடியுமா, கதைக்க வேண்டிய விசயங்கள் நிறையக் கிடக்கின்றன என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில், மனம் இளகி இளகி ஒன்பது பேரை நான் போட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துச் சுப்பிரிண்டன் துரை எதிர்பாராமல் வந்தபோது, ஊர்ப் பக்கக் கரையில் ஒருவர் கட்டையோடு நின்றார். கொட்டிலுக்குள் ஐந்து பேர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேரையும் நாலு பேராகக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். யாரைக் குறைப்பது என்று நான் பட்ட பாடு முதலில் ஆள் பிடிக்கப் பட்ட பாட்டைவிடப் பெரிது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாள லொறிகள் போய்விட்டன. பாலத்தில் பழையபடி வண்டில்காரர்கள் கூப்பிட்டுப் பேசிக் கடந்தார்கள். கொட்டிலை ஒரு மாரிக்காற்று கொண்டுபோனது. ஆனால் பிரிவை மூடச் சொல்லி ஒரு கடிதமும் வரவில்லை. கடிதம் வராமல் மூடும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. ஆகவே வேறு வேலைகளுக்குப் போய்விட்ட நாலு பேருடைய பேரையும் பாலத்துக்கு நேரே ஒவ்வொரு கிழமையும் நான் எழுதி வந்தேன். மாற்றல் கிடைத்து மட்டக்களப்பை விட்டுப் புறப்பட்ட அன்று காலையிலும் எழுதிச் சுவரில் ஒட்டி, பசை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.